ஸ்கேன் மெஷினுக்குள் ஒரு கம்ப்யூட்டர்: கருவிலுள்ள குழந்தையின் ரத்தசோகையைக் கண்டுபிடிப்பது எப்படி?

கம்ப்யூட்டர் என்றதும் மானிட்டர், கீபோர்டு, மவுஸ் இவைதான் நம் நினைவுக்கு வரும். ஆனால் கம்ப்யூட்டர் பல வேடங்களில் நம்மைச் சுற்றி இருக்கிறது. பாங்க் வாசலில் அது ஏ.டி.எம். ஆக நிற்கிறது. ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறது. பரிசோதனை நிலையத்தில் அதற்குப் பெயர் ஸ்கேன் மெஷின்.

கர்ப்பிணிகளுக்கு எடுக்கப்படும் ஸ்கேனை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். திரையில் கறுப்பு வெள்ளையில் குழந்தையின் தலை, கை, கால் தெரியும். "குழந்தை நல்லா இருக்கு" என்று டாக்டர் சொன்னதும் நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிடுகிறோம். ஆனால் அந்த மெஷின் படம் மட்டும் காட்டுவதில்லை, கணக்கும் போடுகிறது. அந்தக் கணக்குகளில் ஒன்று, இன்னும் பிறக்காத குழந்தைக்கு ரத்தசோகை இருக்குமா என்பதை ஒரு சொட்டு ரத்தம்கூட எடுக்காமல் சொல்லிவிடுகிறது. சில குழந்தைகளின் உயிரே அந்த ஓர் எண்ணை நம்பி இருக்கிறது. அந்த எண் எப்படி வருகிறது, டாக்டர்கள் அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள், அதை எவ்வளவு நம்பலாம் என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம். நடுவில் உங்கள் கம்ப்யூட்டரிலேயே இரண்டு சிறு கணக்குகளையும் போட்டுப் பார்க்கலாம்.

ஒலியிலிருந்து படம்

உங்கள் வீட்டு கம்ப்யூட்டருக்கு இன்புட் தருவது கீபோர்டும் மவுஸும். ஸ்கேன் மெஷினுக்கு இன்புட் தருவது டாக்டர் கையில் பிடித்திருக்கும் ப்ரோப். இதன் முனையில் மிகச் சிறிய துண்டுகள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கும். மின்சாரம் கொடுத்தால் அவை அதிர்ந்து ஒலி எழுப்பும். ஒலி வந்து மோதினால் மின்சாரம் தரும். அதாவது ஸ்பீக்கரும் மைக்கும் ஒரே பொருளில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் காது நொடிக்கு 20 ஆயிரம் அதிர்வு வரைதான் கேட்கும். கர்ப்ப கால ஸ்கேனில் பயன்படும் ஒலியோ நொடிக்கு 20 லட்சம், 50 லட்சம் என்ற கணக்கில் அதிர்வது. அது வயிற்றுக்குள் சென்று, வழியில் உள்ளவற்றில் மோதி, எதிரொலியாகத் திரும்புகிறது. உடம்பின் மென்மையான பாகங்களில் ஒலி நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் செல்லும். ஒரு நொடியை 10 லட்சம் கூறாக்கினால், 1 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப ஒலிக்கு ஆகும் நேரம் அதில் 13 கூறு. 130 கூறு கழித்து ஓர் எதிரொலி வந்தால், அது 10 சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து வந்தது என்று மெஷின் கணக்கிடுகிறது. எதிரொலி பலமாக இருந்தால் அந்த இடத்தில் வெள்ளைப் புள்ளி வைக்கும். பலவீனமாக இருந்தால் சாம்பல் புள்ளி. எதிரொலியே இல்லையென்றால் கறுப்பு. அதனால்தான் எலும்பு வெள்ளையாகவும் நீர் கறுப்பாகவும் தெரிகின்றன. நீர் கறுப்பு என்பதை நினைவில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இயன் டொனால்ட் என்ற மகப்பேறு மருத்துவர் இந்த முறைக்கு வழிகாட்டினார். உலோகத்தில் விரிசல் இருக்கிறதா என்று தேடும் கருவியை எடுத்து மனித உடம்பில் சோதித்துப் பார்த்தவர் அவர். 1958-ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் அவரும் அவருடைய கூட்டாளிகளும் எழுதிய கட்டுரையே மகப்பேறு ஸ்கேனுக்கு அடித்தளம் ஆனது. அன்றைய கருவியில் கம்ப்யூட்டர் கிடையாது. இன்றைய மெஷினில் வேகமான ப்ராசசர், ராம், ஹார்ட் டிஸ்க் எல்லாம் உண்டு. பல மெஷின்களுக்குள் இயங்குவது நாம் வீட்டில் பயன்படுத்தும் அதே விண்டோஸ்தான்.

ஹைட்ராப்ஸ் என்றால் என்ன?

கருவிலுள்ள குழந்தையின் உடம்பில், இருக்கக்கூடாத இடங்களில் நீர் கோத்துக்கொள்வதையே டாக்டர்கள் ஹைட்ராப்ஸ் என்கிறார்கள். நீர் கோக்கும் இடங்கள் முக்கியமாக நான்கு: வயிற்றுக்குள், நுரையீரலைச் சுற்றி, இதயத்தைச் சுற்றி, தோலுக்கு அடியில். இவற்றில் இரண்டு இடங்களிலாவது நீர் இருந்தால் அது ஹைட்ராப்ஸ். நீர் கறுப்பாகத் தெரியும் என்பதால் ஸ்கேனில் இதைக் காண்பது கடினமல்ல. நஞ்சுக்கொடி தடித்திருப்பதும், பனிக்குட நீர் கூடுதலாக இருப்பதும் பல நேரங்களில் உடன் காணப்படும்.

கண்டுபிடிப்பது எளிது. காரணம் சொல்வதுதான் கடினம். ஹைட்ராப்ஸ் ஒரு நோய் அல்ல. அது ஓர் அடையாளம். உங்கள் கம்ப்யூட்டர் திடீரென்று ஹேங் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ராம் சரியில்லாமல் இருக்கலாம். ஹார்ட் டிஸ்க் பழுதாகியிருக்கலாம். வைரஸ் புகுந்திருக்கலாம். பார்ப்பதற்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். காரணம் தெரியாமல் கையை வைத்தால் சரியாகாது. ஹைட்ராப்ஸும் அப்படித்தான். இதயக் கோளாறு, குரோமோசோம் குறைபாடு, தொற்றுநோய், கட்டி, ரத்தசோகை என்று காரணங்களின் பட்டியல் நீளமானது. இவற்றில் சிலவற்றுக்குக் கருவில் இருக்கும்போதே சிகிச்சை உண்டு. ரத்தசோகை அவற்றில் முக்கியமானது. அதனால்தான் ஹைட்ராப்ஸ் என்று தெரிந்ததும் டாக்டர்கள் முதலில் விடை தேடும் கேள்விகளில் ஒன்று, "ரத்தசோகையா, இல்லையா?" என்பது.

படம் பிந்தும், வேகம் முந்தும்

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. ரத்தசோகையால் நீர் கோப்பது கடைசிக் கட்டத்தில்தான் நடக்கும். கருவிலுள்ள குழந்தையின் ஹீமோகுளோபின், அந்த வாரத்துக்கு இருக்க வேண்டிய அளவைவிட டெசிலிட்டருக்கு 7 கிராம் அளவுக்குக் குறைந்த பிறகே பெரும்பாலும் ஹைட்ராப்ஸ் தோன்றுகிறது. நடு மாதங்களில் இருக்க வேண்டியதே 12 கிராம் அளவுதான். ஆக, பாதிக்கு மேல் போன பிறகுதான் திரையில் நீர் தெரிகிறது. படத்தை மட்டும் நம்பிக் காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

ஆனால் நீர் தெரிவதற்கு முன்பே ஒன்று மாறுகிறது. அது ரத்தம் ஓடும் வேகம். ரத்தசோகை என்றால் சிவப்பணுக்கள் குறைவு. சிவப்பணு குறைந்தால் ரத்தம் நீர்த்துப்போகும். கெட்டியான சாம்பாரைவிட ரசம் வேகமாக ஓடுமல்லவா? அதுபோல நீர்த்த ரத்தம் வேகமாக ஓடுகிறது. இன்னொரு காரணமும் உண்டு. ஒவ்வொரு முறையும் ரத்தம் சுமந்து செல்லும் ஆக்சிஜன் குறைந்துவிட்டதால், அதை ஈடுகட்ட இதயம் கூடுதல் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. இரண்டும் சேர்ந்து வேகத்தைக் கூட்டுகின்றன.

வேகத்தை அளந்துவிட்டால், ரத்தத்தை எடுக்காமலே ரத்தசோகையை ஊகித்துவிடலாம். அளப்பது எப்படி?

டாப்ளர் கணக்கு

ரயில் ஹாரன் அடித்துக்கொண்டே நம்மை நோக்கி வரும்போது ஒலி கீச்சென்று கேட்கும். நம்மைத் தாண்டிப் போனதும் ஒலி தணிந்துவிடும். ஆஸ்திரியாவைச் சேர்ந்த கிறிஸ்டியன் டாப்ளர் 1842-ஆம் ஆண்டு பிராக் நகரில் இந்த விதியை விளக்கினார். அவர் பேசியது நட்சத்திரங்களின் ஒளியைப் பற்றி. 1845-ஆம் ஆண்டு பய்ஸ் பல்லோட் என்ற டச்சு விஞ்ஞானி ரயிலில் இசைக் கலைஞர்களை ஏற்றி வாசிக்கச் சொல்லி, ஒலிக்கும் அது பொருந்தும் என்று காட்டினார்.

குழந்தையின் ரத்தக்குழாயில் ஓடும் சிவப்பணுக்கள்தான் இங்கே ரயில். அவற்றின் மேல் பட்டுத் திரும்பும் ஒலியின் அதிர்வு கொஞ்சம் மாறியிருக்கும். எவ்வளவு மாறியிருக்கிறது என்பதிலிருந்து வேகம் கிடைக்கும். நொடிக்கு 40 லட்சம் அதிர்வு கொண்ட ஒலியை அனுப்புகிறோம். ரத்தம் நொடிக்கு 40 சென்டிமீட்டர் வேகத்தில் நேராக நம்மை நோக்கி வருகிறது. அப்போது திரும்பும் ஒலியில் ஏற்படும் மாற்றம் சுமார் 2,080 அதிர்வு. இந்த அளவு நம் காது கேட்கும் எல்லைக்குள் இருப்பதால்தான், டாப்ளர் பார்க்கும்போது ஸ்பீக்கரில் 'உஷ், உஷ்' என்ற சத்தம் வருகிறது.

ரத்தக்குழாயில் எல்லா அணுக்களும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. நடுவில் வேகம் அதிகம், ஓரத்தில் குறைவு. கலந்து வரும் இந்தச் சத்தத்தை மெஷினில் உள்ள ப்ராசசர் தனித்தனி அதிர்வுகளாகப் பிரிக்கிறது. அமெரிக்காவைச் சேர்ந்த ஜேம்ஸ் கூலி, ஜான் டூக்கி இருவரும் 1965-ஆம் ஆண்டு வெளியிட்ட ஒரு வேகமான கணக்கு முறை இதற்கு உதவுகிறது. இந்த வகைக் கணக்கு உங்கள் கம்ப்யூட்டரிலும் நடக்கிறது. மீடியா ப்ளேயரில் பாட்டு ஓடும்போது ஏறி இறங்கும் பட்டைகளைப் பார்த்திருப்பீர்களே? பாட்டைத் தாழ்ந்த ஒலி, உயர்ந்த ஒலி என்று பிரித்துக் காட்டுபவை அவை. ஸ்கேன் மெஷினில் அதுவே மலைத்தொடர் போன்ற ஒரு படமாக ஓடும். ஒவ்வொரு சிகரமும் ஓர் இதயத் துடிப்பு. சிகரத்தின் உச்சிதான் நமக்கு வேண்டிய உச்ச வேகம்.

எம்.சி.ஏ. என்றால் கம்ப்யூட்டர் படிப்பு மட்டுமல்ல

ஸ்கேன் ரிப்போர்ட்டில் எம்.சி.ஏ. என்று பார்த்தால் குழம்ப வேண்டாம். மூளையின் பக்கவாட்டுக்கு ரத்தம் கொண்டு செல்லும் முக்கியமான ரத்தக்குழாயை டாக்டர்கள் அப்படிச் சுருக்கிச் சொல்கிறார்கள். மூளையின் இரு பக்கமும் ஒவ்வொன்று இருக்கும். உச்ச வேகத்துக்கு பி.எஸ்.வி. என்று பெயர்.

உடம்பில் எத்தனையோ ரத்தக்குழாய் இருக்க, ஏன் இதை அளக்கிறார்கள்? குழந்தையின் தலையைக் குறுக்காகப் பார்த்தால் இந்தக் குழாய் பெரும்பாலும் ப்ரோபை நோக்கி நேராக வரும். கோணம் சரியாக அமைந்தால்தான் டாப்ளர் கணக்கு சரியாக வரும்.

கோணம் எவ்வளவு முக்கியம் என்று நீங்களே பார்க்கலாம். உங்கள் கம்ப்யூட்டரில் கால்குலேட்டரைத் திறந்து, மெனுவில் சயின்டிஃபிக் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அளவு டிகிரியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 0 கொடுத்து காஸ் பட்டனை அழுத்தினால் 1 வரும். 30 கொடுத்தால் 0.87 அளவு. 60 கொடுத்தால் 0.5. ரத்தத்தின் உண்மை வேகத்தை இந்த எண்ணால் பெருக்கினால் வருவதுதான் மெஷினுக்குத் தெரியும் வேகம். ஒலிக்கற்றையும் குழாயும் ஒரே நேர்க்கோட்டில் இருந்தால் முழு வேகமும் தெரியும். 60 டிகிரி சாய்ந்திருந்தால் பாதிதான் தெரியும்.

ஓர் உதாரணம். 28 வாரக் குழந்தைக்கு உச்ச வேகம் நொடிக்கு 60 சென்டிமீட்டர். அந்த வாரத்தில் ரத்தசோகையைச் சந்தேகிக்க வேண்டிய எல்லை 55 சென்டிமீட்டரை ஒட்டியது. எனவே இந்தக் குழந்தைக்கு உடனே கவனிப்பு தேவை. ஆனால் கோணம் 30 டிகிரி சாய்ந்திருந்து, அதைக் கணக்கில் கொள்ளாமல் அளந்தால் மெஷின் காட்டுவது 52. "நார்மல்" என்று ரிப்போர்ட் வந்துவிடும். மெஷினில் பழுதில்லை, கணக்கிலும் பிழையில்லை. கொடுத்த இன்புட் சரியில்லை. சட்டியில் இருப்பதுதானே அகப்பையில் வரும்?

கோணத்தைத் திருத்திக்கொள்ள மெஷினில் வசதி உண்டு. ஆனால் கோணம் கூடக் கூட, திருத்தத்தில் வரும் சிறு தவறும் பெரிதாகும். கோணம் 60 டிகிரியாக இருக்கும்போது 5 டிகிரி தவறினால் வேகத்தில் சுமார் 18 சதவீதம் பிசகிவிடும். கோணம் 0 என்றிருக்கும்போது அதே 5 டிகிரி தவறினால் அரை சதவீதம்கூட மாறாது. ஆகவே ப்ரோபை நகர்த்தி, கோணத்தை முடிந்தவரை 0 ஆக வைத்து அளப்பதே சரியான முறை.

இன்னும் சில விதிகள் உண்டு. குழாய் தொடங்கும் இடத்துக்கு அருகில் அளக்க வேண்டும். தள்ளிப் போனால் வேகம் குறைந்து தெரியும். குழந்தை அசையாமல், அமைதியாக இருக்கும் நேரத்தில் அளக்க வேண்டும். ப்ரோபால் தலையை அழுத்தக்கூடாது. ஒரு முறைக்கு மூன்று முறை அளந்து பார்க்க வேண்டும். ஸ்கேன் அறையில் டாக்டர் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் பதற வேண்டாம். குழந்தை அமைதியாகும் வரை காத்திருப்பதும் பரிசோதனையின் ஒரு பகுதிதான்.

எக்ஸெலில் ஒரு சிறு கணக்கு

வேகம் கிடைத்துவிட்டது. அது அதிகமா, குறைவா என்று எப்படிச் சொல்வது? குழந்தை வளர வளர இந்த வேகம் இயல்பாகவே கூடும். எனவே அதே வாரத்தில் உள்ள இயல்பான குழந்தைகளின் நடு அளவோடு ஒப்பிட வேண்டும். ஜியான்கார்லோ மாரி என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 2000-ஆம் ஆண்டு 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியிட்ட ஆய்வில் இந்த அளவுகள் உள்ளன. அவற்றில் சிலவற்றை எக்ஸெலில் போட்டுப் பார்ப்போம்.

1. எக்ஸெலைத் திறந்து முதல் நெடுவரிசையில் வாரங்களை டைப் செய்யுங்கள்: 20, 24, 28, 32, 36.

2. இரண்டாவது நெடுவரிசையில் அதனதன் நேரே நடு அளவை டைப் செய்யுங்கள்: 25.5, 30.7, 36.9, 44.4, 53.5. இவை நொடிக்கு இத்தனை சென்டிமீட்டர் என்ற கணக்கு.

3. மூன்றாவது நெடுவரிசையின் முதல் செல்லில் சமக் குறி போட்டு, பக்கத்தில் 25.5 உள்ள செல்லைக் கிளிக் செய்து, நட்சத்திரக் குறி போட்டு, 1.5 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். எக்ஸெலில் நட்சத்திரக் குறிதான் பெருக்கல் குறி.

4. விடை வந்த செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறிய சதுரத்தை மவுஸால் பிடித்துக் கீழே இழுங்கள். மற்ற வாரங்களுக்கும் விடை வந்துவிடும்.

38.25, 46.05, 55.35, 66.6, 80.25 என்று வருகிறதா? இவைதான் எல்லைக் கோடுகள். நடு அளவைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் வேகம் இருந்தால், நடுத்தரமான அல்லது கடுமையான ரத்தசோகை இருக்கலாம் என்று பொருள். ரிப்போர்ட்டில் இதை எம்.ஓ.எம். என்று எழுதுவார்கள். அளந்த வேகத்தை நடு அளவால் வகுத்தால் இந்த எண் கிடைக்கும். 28 வாரத்தில் 59 என்றால், 59 வகுத்தல் 36.9, அதாவது 1.6. இது எல்லைக்கு மேல். அதே 59, 36 வாரத்தில் வந்தால் 1.1 தான். அது இயல்பு.

இதிலிருந்து இன்னொரு விஷயமும் புரிகிறது. வாரக் கணக்கு தவறினால் விடையும் தவறிவிடும். முதல் மூன்று மாதத்தில் எடுக்கும் ஸ்கேன்தான் வாரத்தைச் சரியாகச் சொல்லும். அந்த ரிப்போர்ட்டை ஒவ்வொரு முறையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

ஊசிக்குப் பதில் ஓர் எண்

இந்த முறை வருவதற்கு முன் என்ன செய்தார்கள்? தாயின் வயிற்றில் ஊசி போட்டுப் பனிக்குட நீரை எடுத்து, சிவப்பணு சிதைவதால் அதில் சேரும் மஞ்சள் நிறப் பொருள் எவ்வளவு என்று பார்த்தார்கள். நியூசிலாந்தைச் சேர்ந்த வில்லியம் லைலி 1961-ஆம் ஆண்டு இதற்கான அளவுகோலைத் தந்தார். பயனுள்ள முறைதான். ஆனால் திரும்பத் திரும்ப ஊசி போட வேண்டும். ஒவ்வொரு ஊசிக்கும் ஆபத்து உண்டு.

2000-ஆம் ஆண்டு ஆய்வில், ரத்தசோகை வர வாய்ப்புள்ள 111 குழந்தைகளைப் பார்த்தார்கள். நடுத்தரமான அல்லது கடுமையான ரத்தசோகை இருந்தவர்கள் 35 பேர். வேகக் கணக்கு அவர்களில் ஒருவரைக்கூடத் தவறவிடவில்லை. 2006-ஆம் ஆண்டு நெதர்லாந்தைச் சேர்ந்த டிக் ஓப்கெஸ் தலைமையில் வெளியான ஆய்வு, ஊசி முறையையும் வேக முறையையும் நேருக்கு நேர் ஒப்பிட்டது. 165 குழந்தைகளில் 74 பேருக்குக் கடுமையான ரத்தசோகை. வேக முறை அவர்களில் 88 சதவீதம் பேரைக் கண்டுபிடித்தது. ஊசி முறை கண்டுபிடித்தது 76 சதவீதம். ஊசியைவிட எண் நன்றாகவே வேலை செய்தது.

வேகம் கூடியிருந்தால்

வேகம் எல்லையைத் தாண்டினால் அடுத்து ரத்தசோகைக்குக் காரணம் தேடுவார்கள்.

ரத்தப் பொருத்தமின்மை: தாய் ஆர்.எச். நெகடிவ், குழந்தை பாசிடிவ் என்றால், தாயின் உடம்பில் உருவாகும் எதிர்ப்பொருள் குழந்தையின் சிவப்பணுவை அழிக்கலாம். முதல் பிரசவத்தில் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அடுத்தடுத்த கர்ப்பங்களில்தான் சிக்கல். தாயின் ரத்தத்தில் கூம்ப்ஸ் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும். 1968-ஆம் ஆண்டு முதல் புழக்கத்தில் உள்ள ஆன்டி-டி ஊசி, எதிர்ப்பொருள் உருவாகாமல் தடுக்கிறது. உருவான பிறகு போட்டால் பயன் இல்லை.

பார்வோ வைரஸ் பி19: 1975-ஆம் ஆண்டு லண்டனில் யுவான் கோசார்ட் குழுவினர் கண்டுபிடித்த வைரஸ் இது. பி வரிசையில் 19-ஆவது ரத்த மாதிரியில் கிடைத்ததால் இந்தப் பெயர். சிறு பிள்ளைகளுக்கு வந்தால் கன்னம் அறைபட்டதுபோல் சிவந்து, தானாகச் சரியாகிவிடும். கர்ப்பிணிக்கு வந்து கருவைத் தொற்றினால், குழந்தையின் சிவப்பணு உற்பத்தியே நின்றுபோகலாம். எனவே தொற்று உறுதியானால் 8 முதல் 12 வாரம் வரை அடிக்கடி வேகத்தை அளந்து கண்காணிப்பார்கள்.

தலசீமியா: இதில் ஆல்பா வகையின் கடுமையான வடிவம்தான் கருவிலேயே ஹைட்ராப்ஸை உண்டாக்கும். தாய்லாந்து, தென் சீனா போன்ற பகுதிகளில் இது அதிகம். நம் நாட்டில் அதிகம் பேசப்படும் பீட்டா வகை கருவில் இருக்கும்போது தொந்தரவு தராது; பிறந்த சில மாதங்களுக்குப் பிறகே தெரியவரும். பெற்றோர் இருவரின் ரத்தத்தைச் சோதித்தால் வழி கிடைக்கும்.

ரத்தக் கசிவு: குழந்தையின் ரத்தம் நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் ரத்தத்தில் கலந்துவிடலாம். இதற்கும் தாயின் ரத்தத்திலேயே பரிசோதனை உண்டு.

இரட்டைக் குழந்தைகள்: ஒரே நஞ்சுக்கொடியைப் பகிரும் இரட்டையர்களில், மெல்லிய ரத்தக்குழாய் வழியாக ஒரு குழந்தையின் ரத்தம் இன்னொன்றுக்கு மெல்ல மெல்லப் போய்ச் சேரலாம். அப்போது ஒன்றின் எண் ஏறியும் மற்றொன்றின் எண் இறங்கியும் இருக்கும். இருவரையும் அளந்தால்தான் இது பிடிபடும்.

வேகம் இயல்பாக இருந்தால்

ஹைட்ராப்ஸ் இருக்கிறது, வேகமோ இயல்பாக இருக்கிறது. அப்படியானால் ரத்தசோகை பெரும்பாலும் காரணமில்லை. டாக்டர் வேறு இடங்களில் தேடுவார். முதலில் இதயம். அறைகள் சரியாக அமைந்திருக்கின்றனவா, துடிப்பு சீராக இருக்கிறதா என்று பார்ப்பார். இயல்பில் நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருக்க வேண்டிய துடிப்பு 200-ஐத் தாண்டி ஓடிக்கொண்டே இருந்தால், அதுவே நீர் கோக்கக் காரணமாகலாம். இதற்குத் தாய்க்கு மருந்து கொடுத்தே குழந்தையின் இதயத்தைச் சீராக்க முடியும். அடுத்து மார்புக்குள் கட்டியோ நீரோ இதயத்தை அழுத்துகிறதா என்று பார்ப்பார். முதுகின் அடியிலும் நஞ்சுக்கொடியிலும் கட்டி இருக்கிறதா என்றும் தேடுவார். மூளையிலும் ஈரலிலும் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் கருவில் தொற்று ஏற்பட்டிருக்கலாம். குரோமோசோம் குறைபாட்டைப் படத்தால் மட்டும் உறுதி செய்ய முடியாது. அதற்குப் பனிக்குட நீர் பரிசோதனை வேண்டும். மூளையில் ரத்தக் கசிவு இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பதும் உண்டு.

கருவிலேயே ரத்தம் ஏற்றுவது

ரத்தசோகை கடுமையானது என்று தெரிந்தால், ஸ்கேன் திரையைப் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியைத் தொப்புள்கொடியில் உள்ள ரத்தக்குழாய்க்குள் செலுத்துவார்கள். முதலில் கொஞ்சம் ரத்தம் எடுத்து ஹீமோகுளோபினை உறுதி செய்துகொண்டு, அதே ஊசி வழியாகத் தகுந்த ரத்தத்தை ஏற்றுவார்கள். கருவிலுள்ள குழந்தைக்கு முதன்முதலில் ரத்தம் ஏற்றியவரும் மேலே சொன்ன லைலிதான். 1963-ஆம் ஆண்டு ஆக்லாந்தில் அவர் குழந்தையின் வயிற்றுக்குள் ரத்தத்தைச் செலுத்தினார்.

இப்படி ரத்தம் ஏற்றிக்கொண்ட குழந்தைகள் பிறகு எப்படி வளர்கிறார்கள்? நெதர்லாந்தின் லெய்டன் நகரில் 291 பிள்ளைகளை வளர்ந்த பிறகு சோதித்து, 2012-ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். நரம்பு, மூளை வளர்ச்சியில் குறை இருந்தது 4.8 சதவீதம் பேருக்கு மட்டுமே. அந்தக் குறைக்கு வாய்ப்பை அதிகமாக்கியவற்றில் முக்கியமானது, ரத்தம் ஏற்றுவதற்கு முன்பே கடுமையான ஹைட்ராப்ஸ் வந்துவிட்டது என்பதுதான். நீர் தெரியும் முன்பே வேகத்தை அளந்து கண்டுபிடிப்பதன் பலன் இதில் தெரிகிறது.

எவ்வளவு நம்பலாம்?

இந்த எண் ஒரு எச்சரிக்கை மணி, தீர்ப்பு அல்ல. 2000-ஆம் ஆண்டு ஆய்விலேயே, நடுத்தரமான அல்லது கடுமையான ரத்தசோகை இல்லாத குழந்தைகளில் 12 சதவீதம் பேருக்கு எண் எல்லையைத் தாண்டியது. 35 வாரத்துக்குப் பிறகு இப்படிப் பொய்யாக மணி அடிப்பது அதிகம். ஒரு முறை ரத்தம் ஏற்றிய பிறகு உடம்பில் பெரியவர்களின் ரத்தம் கலந்துவிடுவதால் கணக்கு கொஞ்சம் மாறும். லேசான ரத்தசோகையை இந்த முறை நன்றாகக் காட்டாது. அதனால்தான் ஒரே அளவை வைத்து முடிவு செய்யாமல், ஒரு வாரம், இரண்டு வாரம் இடைவெளியில் திரும்ப அளந்து எண் ஏறுகிறதா என்று பார்க்கிறார்கள். நாம் எக்ஸெலில் போட்டது கணக்கு புரிவதற்காக மட்டுமே. வீட்டில் உட்கார்ந்து ரிப்போர்ட்டுக்குத் தீர்ப்பு எழுத அல்ல.

ஸ்கேன் படங்களை உங்கள் கம்ப்யூட்டரில் வைத்திருக்க

சில நிலையங்களில் படங்களை சி.டி.யிலோ பென் டிரைவிலோ தருவார்கள். அவை பெரும்பாலும் டைகாம் என்ற ஃபைல் வகையில் இருக்கும். மருத்துவப் படங்களுக்கென்றே உருவான இந்த முறைக்கு 1993-ஆம் ஆண்டு முதல் இந்தப் பெயர். டபுள் கிளிக் செய்தால் சாதாரணப் படம்போல் திறக்காது. அதற்காக ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். பல சி.டி.க்களிலேயே பார்ப்பதற்கான சாஃப்ட்வேரும் இருக்கும். இல்லையென்றால் மைக்ரோடைகாம் போன்ற இலவச சாஃப்ட்வேரை இறக்கிக்கொள்ளலாம்.

சி.டி.யில் கீறல் விழுந்தால் படம் போய்விடும். எனவே ஹார்ட் டிஸ்க்கில் ஒரு காப்பி எடுத்து வையுங்கள். அடுத்த கர்ப்பத்தின்போது டாக்டருக்கு அது உதவும். இன்னொரு எச்சரிக்கை. டைகாம் ஃபைலுக்குள் தாயின் பெயர், வயது, தேதி எல்லாம் பதிந்திருக்கும். படத்தில் பெயர் தெரியவில்லையே என்று நினைத்து யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள்.

டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள

தாயின் ரத்த வகை என்ன? ஆர்.எச். நெகடிவ் என்றால் கூம்ப்ஸ் பரிசோதனை செய்தாயிற்றா? ஆன்டி-டி ஊசி எப்போது போட வேண்டும்? வழக்கமாக இதை 28 வாரத்தையொட்டி ஒரு முறையும், குழந்தை பாசிடிவ் என்றால் பிரசவமான 72 மணி நேரத்துக்குள் ஒரு முறையும் போடுவார்கள். கருச்சிதைவு ஆனாலும் இந்த ஊசி தேவைப்படலாம் என்பது பலருக்குத் தெரியாது.

முன்பு ஒரு குழந்தை ரத்தசோகையாலோ கடுமையான மஞ்சள் காமாலையாலோ பாதிக்கப்பட்டிருந்தால், முதல் தடவை போகும்போதே அதைச் சொல்லிவிடுங்கள். சொன்னால்தான் டாக்டர் எம்.சி.ஏ. வேகத்தை எந்த வாரத்திலிருந்து அளப்பது என்று முடிவு செய்வார். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் வழக்கமாக எடுக்கும் ஸ்கேனில் இதை அளக்க மாட்டார்கள்.

குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்துவிட்டதாகத் தோன்றினால் அடுத்த ஸ்கேன் தேதி வரை காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.